வீட்டுப் பழைய புகைப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டி, பீரோவின் அடித்தட்டில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே கிடக்கும் பழுப்பு உறை, கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டிய கண்ணாடிப் படங்கள் என்று பல வீடுகளில் முன்னோரின் முகங்கள் ஏதோவொரு மூலையில் இருக்கின்றன. வீடு மாற்றும்போதோ, ஒரு சாவுக்குப் பிறகோதான் பெரும்பாலும் அவை வெளியே வருகின்றன. என் குடும்பத்தின் படங்களையும், பிறகு உறவினர் சிலரின் படங்களையும் சில ஆண்டுகளாக ஒழுங்குபடுத்தி வந்ததில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு வீடுகளையும் இங்குள்ள வெயிலையும் ஈரத்தையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பவை சாதாரண மனிதர்களின் படங்கள்தாமே. அவற்றுக்கு அப்படி என்ன மதிப்பு?

ஒரு சாதாரணக் குடும்பத்தைப் பற்றி எழுத்தில் எஞ்சுபவை மிகக் குறைவு. நிலப்பத்திரம், ஜாதகக் குறிப்பு, மொய் நோட்டு, ஒன்றிரண்டு கல்யாணப் பத்திரிகைகள், அவ்வளவுதான். அவற்றிலும் ஆண்களின் பெயர்களே மிகுதி. பெண்கள் ‘இன்னாரின் மனைவி’ என்ற அளவில் வந்து போகிறார்கள். புகைப்படத்தில் மட்டுமே, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடாத ஒரு கொள்ளுப்பாட்டி, தன் காதில் தொங்கும் பாம்படத்தோடும், வெற்றிலைக் காவியேறிய உதட்டோடும், நாற்காலியின் கையைச் சற்று இறுகவே பிடித்தபடி முழுதாக உட்கார்ந்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் அவர் இருந்தார் என்பதற்கு அதைவிட நேரான சான்று வேறு இல்லை.

படம் எடுத்தவர் குறிவைத்தது முகத்தை. அறுபது ஆண்டுகள் கழித்துப் பார்ப்பவரின் கண்ணோ முகத்தைத் தாண்டிப் பின்னால் போகிறது. மண் திண்ணை, கயிற்றுக் கட்டில், குழந்தையின் இடுப்பில் அரைஞாண், வாசலில் சாய்த்து வைத்த சைக்கிளின் டைனமோ விளக்கு ஆகியவை யாரும் பதிவு செய்ய நினைக்காமல் பதிவானவை. ஆண்டுகள் செல்லச் செல்லப் படத்தின் மதிப்பு கூடுவதற்கு இவையும் ஒரு காரணம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்காக பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களையும் நெகடிவ்களையும் தேடி எண்மப்படுத்தியது. அவற்றில் இருப்பவர்களும் பெரும்பாலும் நம் வீட்டுச் சுவரில் இருப்பவர்களைப் போன்றவர்களே.

குடும்பத்துக்குள் இருக்கும் மதிப்பு இன்னும் எளிமையானது. ‘இவள் யார் ஜாடை?’ என்று குழந்தை பிறந்த அன்றே கேட்கிறோம். அதற்கு விடை சொல்லக்கூடியவர் உயிரோடு இல்லாதபோது, படம் சொல்கிறது.

ஆனால் இவ்வளவும் படத்தில் இருப்பவரின் பெயர் தெரிந்திருக்கும் வரைதான். பெயர் தொலைந்த படம் இரண்டே தலைமுறையில் அயலார் படமாகிவிடும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் குடும்பப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவற்றை வாங்குபவர்கள் பெரும்பாலும் தேக்குச் சட்டத்துக்காக வாங்குகிறார்கள். உள்ளே இருப்பவர் யாருடைய தாத்தா என்பது விற்பவருக்கும் தெரியாது.

என் பாட்டனாருக்கு முந்திய தலைமுறையின் படம் ஒன்றுகூட இல்லை. ஏன்?

புகைப்படக் கலை 1839ஆம் ஆண்டு பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அது சென்னையில் வேரூன்றிவிட்டது. சென்னைப் படையைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் விரிவாகப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கு மேல் நீண்ட ஒரே படமாக்கினார். கல்வெட்டுக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு, அதே தெருக்களில் வாழ்ந்த குடும்பங்களுக்குக் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. தொடக்கத்தில் படம் எடுத்துக்கொண்டவர்கள் ஜமீன்தார்களும், வெள்ளை அதிகாரிகளும், பெருவணிகர்களும், வழக்கறிஞர்களுமே. ஸ்டூடியோ இருந்த ஊருக்கு வண்டி கட்டிப் போகவேண்டியிருந்தது. செலவும் கூலிக்காரர் குடும்பத்துக்கு எட்டாதது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற அச்சமும் கிராமங்களில் வெகுகாலம் இருந்தது.

எனவே பலருக்கும் வாழ்நாளில் ஒரு படமோ இரண்டு படங்களோதான். மலேயாவுக்கோ பர்மாவுக்கோ இலங்கைக்கோ பிழைக்கப் போனவர் அங்கே கோட்டு மாட்டிக்கொண்டு எடுத்து அனுப்பியது, கல்யாணம் முடிந்த கையோடு தம்பதியாக நின்று எடுத்தது, அறுபதாம் கல்யாணத்தன்று பேரன் பேத்திகளோடு எடுத்தது என்று அவை அமைந்தன. கோட்டைக் கண்டு ஏமாறவேண்டாம். வாடிக்கையாளர் அணிந்துகொள்ளக் கோட்டும் கழுத்துப்பட்டையும் பல ஸ்டூடியோக்களில் ஆணியில் தொங்கின. பின்னால் தெரியும் மாளிகைப் படிக்கட்டும் பூங்காவும் திரையில் தீட்டியவையே. அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. தாங்கள் எப்படி நினைவுகூரப்பட விரும்பினார்கள் என்பதையும் சேர்த்தே அவர்கள் விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

பழைய படங்களில் ஏன் யாரும் சிரிப்பதில்லை?

மிகப் பழைய காலத்தில் பல விநாடிகள் அசையாமல் இருக்கவேண்டியிருந்தது என்பது பாதிக் காரணம். 1880களுக்குப் பின், நொடிப்பொழுதில் படம் பதியும் உலர்தகடுகள் என்னும் கண்ணாடித் தகடுகள் வந்தபிறகும் நம்மவர் சிரிக்கவில்லை. படம் எடுப்பது ஒரு சடங்காகவே கருதப்பட்டது, சபையில் பல்லைக் காட்டுவது மரியாதையாகவும் கருதப்படவில்லை. அவர்கள் சோகமாக வாழ்ந்தார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது.

படத்தில் தேதி இல்லை. எந்தக் காலத்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் படத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே அதிகம் சொல்லும். ஸ்டூடியோவின் முத்திரையில் முகவரி இருந்தால் அதைச் சொல் சொல்லாகப் படிக்கவேண்டும். அஞ்சல் குறியீட்டு எண் இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்க எண் முத்திரையில் இருந்தால் படம் அதற்குப் பிந்தியது. ‘மதராஸ்-17’ என்பதுபோல ஊர்ப்பெயருக்குப் பின் சிறிய எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரியில் தமிழ்நாடு ஆயிற்று. தலைநகரின் பெயர் 1996இல் எல்லா மொழிகளிலும் சென்னை ஆயிற்று. முத்திரை அச்சடித்த பழைய அட்டைகளை ஸ்டூடியோக்காரர்கள் தீரும்வரை பயன்படுத்தியிருப்பார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். இரங்கூன் ஸ்டூடியோவின் பெயர் இருந்தால், குடும்பம் எப்போது அங்கிருந்து திரும்பியது என்று விசாரியுங்கள். 1942இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது நடந்து வந்தவர்களா, 1960களில் கடைகள் அரசுடைமையான பின் கப்பலில் வந்தவர்களா என்பது தெரிந்தாலே படத்தின் காலம் பாதி நெருங்கிவிடும்.

அடுத்தது காகிதம். தடித்த அட்டையில் ஒட்டிய பழுப்புப் படங்கள் பொதுவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. தபால்தலையின் ஓரம்போல் பல் பல்லாக வெட்டிய விளிம்பு 1930களிலிருந்து 1960கள் வரை பரவலாக இருந்தது. சதுரமான சிறிய கருப்பு வெள்ளைப் படங்கள் வீட்டிலேயே ஒருவர் காமிரா வைத்திருந்ததைக் காட்டும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம் தந்த அக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய காமிராக்கள் அவற்றுக்குக் காரணம். உதகமண்டலத்தில் மைய அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் காகிதமும் விற்றது. நம் மாவட்டங்களின் கருப்பு வெள்ளைப் படங்களில் ஒரு பங்கு நீலகிரியில் பிறந்தது என்பது எனக்கு என்றும் வியப்பு. பிளாஸ்டிக் பூச்சுள்ள வழவழப்பான காகிதம் 1970களிலிருந்து பரவியது. நிறம் செம்மண்ணாகத் திரிந்த கலர் படம் பெரும்பாலும் 1970களையோ 1980களின் முற்பகுதியையோ சேர்ந்தது. அக்காலக் காகிதங்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மங்கிவிடும், எஞ்சுவது சிவப்பு.

கடைசியாகத்தான் உடை. ஆணின் கையில் எச்.எம்.டி. கடிகாரம் இருந்தால் 1961க்குப் பிந்தியது. குடுமியா கிராப்பா, ரவிக்கையின் கை முழங்கை வரையா புஜத்தில் புடைத்திருக்கிறதா, காது வளர்த்த காதா என்பவையும் உதவும். ஆனால் வயதான பெண்கள் தங்கள் இளமைக்காலத்துப் பாணியிலேயே கடைசிவரை உடுத்தினார்கள். ஆகவே காலத்தைக் கணிக்கப் படத்திலிருக்கும் இளம்பெண்ணைப் பாருங்கள், பாட்டியைப் பார்க்காதீர்கள். குழந்தைகள் இருந்தால் இன்னும் நல்லது: ‘பெரிய மாமாவுக்கு அப்போது மூன்று வயது இருக்கும்’ என்ற ஒரு சொல், மேலே சொன்ன அத்தனையையும்விடத் துல்லியமானது.

விவரம் தெரிந்த ஒரே ஒரு மூத்தவர்தான் வீட்டில் இருக்கிறார். அவரிடம் எப்படிக் கேட்பது?

இதுவே இந்தக் கேள்விகளில் மிக அவசரமானது. ஸ்கேனர் வாங்குவது, ஆல்பம் வாங்குவது எல்லாம் அடுத்த ஆண்டும் செய்யலாம்.

ஒரு கட்டுப் படத்தை மடியில் போட்டு ‘இது யார், இது யார்’ என்று கேட்டால் அவர் சோர்ந்துவிடுவார். ஓர் அமர்வுக்கு ஐந்தாறு படங்கள் போதும். கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். எழுதிக்கொண்டே கேட்டால் அவர் உங்கள் பேனாவுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசுவார், பேச்சு வற்றிவிடும். படத்தில் உள்ள பொருளிலிருந்து தொடங்குவது நல்லது. ‘இந்த நாற்காலி யார் வீட்டு நாற்காலி?’ என்று கேட்டதற்கு என் அம்மாவைப் பெற்ற ஆச்சி, நாற்காலி கடன் வாங்கி வந்தது என்பதில் ஆரம்பித்து, கடன் கொடுத்த வீட்டாரோடு பின்னால் ஏற்பட்ட மனத்தாங்கல், அந்த வீட்டுப் பெண்ணைத் தன் தம்பிக்குக் கேட்டு மறுத்தது வரை முக்கால் மணி நேரம் சொன்னார். ‘ஆச்சி, இது யாரு?’ என்று மட்டும் கேட்டிருந்தால் ஒரு பெயரோடு முடிந்திருக்கும்.

நம் வழக்கங்களால் வரும் மூன்று சிக்கல்களை முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். முதலாவது, பழைய தலைமுறைப் பெண்கள் பலர் கணவரின் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்லமாட்டார்கள். ‘உங்க தாத்தா’ என்றோ ‘அவுக’ என்றோதான் சொல்வார்கள். பெயரை நீங்கள் சொல்லி, அவரைத் தலையசைக்கச் செய்யவேண்டும். இரண்டாவது, பேரனுக்குப் பாட்டனின் பெயரை இடும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டிருக்கும். ‘இது சுப்பையா’ என்று அவர் சொன்னால், எந்தச் சுப்பையா என்று அப்போதே கேட்டுவிடவேண்டும். இல்லையேல் பாட்டனும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். மூன்றாவது, உறவுமுறை என்பது சொல்பவரைப் பொறுத்தது. அம்மா ‘அத்தை’ என்பவர் எனக்கு அத்தை அல்லர். ஆகவே ‘பெரிய அத்தை’ என்று எழுதி வைக்காமல், பெயரையும் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்பதையும் எழுதவேண்டும்.

படத்தில் இல்லாதவர் யார் என்றும் கேளுங்கள். எல்லாரும் நிற்கும் குடும்பப் படத்தில் ஒரு சித்தப்பா மட்டும் இல்லையென்றால், அவர் வெளியூரில் இருந்தாரா, கோபித்துக்கொண்டு போயிருந்தாரா, அல்லது அவர்தான் காமிராவுக்குப் பின்னால் நின்றாரா என்பது தெரிந்துகொள்ளவேண்டியது. சில கேள்விகளுக்கு முகம் வாடிப் பேச்சு நின்றுபோகும். அங்கே மேலும் துருவாமல் விட்டுவிடுவதே முறை.

பெயரைப் படத்தின் பின்னால் எழுதலாமா?

எழுதலாம், மென்மையான பென்சிலால், விளிம்பை ஒட்டி, அழுத்தாமல். பந்துமுனைப் பேனா எழுத்து முன்பக்கத்தில் புடைத்துத் தெரியும். மை ஈரத்தில் ஊறிப் படத்துக்குள் இறங்கும். பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்தில் பென்சில் பதியாது என்பதால், தனி உறையின்மேல் முன்கூட்டியே எழுதிவிட்டு, பிறகு படத்தை அதில் இடுங்கள். ‘இடமிருந்து வலம்’ என்று குறிப்பிட மறக்கவேண்டாம்.

இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றி நின்று எடுத்த படம் இருக்கிறது. இதை வைத்திருக்கவேண்டுமா?

சிலருக்கு அச்சமாக இருக்கிறது, இளையவர்களுக்கு அருவருப்பாகவும் இருக்கிறது. கிழித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். இவ்வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக இருந்தது, இன்றும் முற்றிலும் மறையவில்லை. வாழ்நாள் முழுதும் படமே எடுத்துக்கொள்ளாத ஒருவரின் முகத்தை வைத்துக்கொள்ள அதுவே கடைசி வாய்ப்பு என்பதால்தான் அந்தத் துயரத்திலும் ஸ்டூடியோவுக்கு ஆள் அனுப்பினார்கள். சுவரில் மாட்டும்போது, அந்தப் படத்திலிருந்தே ஓவியர் ஒருவரைக் கொண்டு கண்களைத் திறந்தது போல் தீட்டி வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே உங்கள் வீட்டுச் சுவரிலுள்ள, பார்வை சற்றே நிலைகுத்திய ஒரு படத்துக்கும் பெட்டிக்குள் இருக்கும் இந்தப் படத்துக்கும் தொடர்பு இருக்கலாம், ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவற்றைக் கூடத்தில் வைக்கத் தேவையில்லை. தனி உறையில், குறிப்போடு வைத்திருங்கள். சுற்றி நிற்பவர்களைப் பாருங்கள்: தூரத்து உறவினர்வரை அத்தனை பேரும் ஓரிடத்தில் கூடிய வேறு படம் பல குடும்பங்களில் இருக்காது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் படங்களை எங்கே, எப்படி வைப்பது?

புகைப்படத்துக்கு ஏற்ற காற்று ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காடு என்கிறார்கள் பாதுகாப்பு வல்லுநர்கள். கடலோர ஊர்களில் அது பல மாதங்கள் 70ஐத் தாண்டியே இருக்கும். படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின் என்னும் விலங்குப் பசையால் ஆனது; ஈரம் மிகுந்தால் அது பூஞ்சைக்கும் இராமபாணப் பூச்சிக்கும் உணவாகிறது. எனவே நூலகத்துக்குரிய குளிரூட்டிய அறைகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. வீட்டுக்குள் இருப்பதில் எது மேல் என்றுதான் பார்க்கவேண்டும். பரண் கோடையில் அடுப்பு. சமையலறைச் சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி, வீட்டின் நடு அறையில் நிற்கும் இரும்பு பீரோவின் நடுத்தட்டு, என் அனுபவத்தில், நல்ல இடம். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைக்கலாம், அவற்றை அவ்வப்போது மாற்றவேண்டும். பாச்சை உருண்டையைப் படத்தோடு போடக்கூடாது. அதன் ஆவி படத்துக்கும் நல்லதல்ல, மூச்சுக்கும் நல்லதல்ல. ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்காலம் முடிந்ததும் கோடை நடுவிலும், எல்லாவற்றையும் எடுத்து நிழலில் காற்றாடப் பரப்பிவிட்டுத் திரும்ப வைப்பது எந்த மருந்தையும்விட மேலானது.

1980களிலும் 1990களிலும் கல்யாணப் பரிசாக வந்து குவிந்த ஒட்டும் ஆல்பங்களே இன்று பெரிய ஆபத்து. பக்கத்தில் பூசிய பசை நாளடைவில் இறுகிப் படத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேலே மூடும் பிளாஸ்டிக் தாள் பி.வி.சி.யாக இருந்தால் அதிலிருந்து அமிலம் கசிகிறது. படம் எளிதில் வந்தால் எடுத்துவிடுங்கள். வராவிட்டால், பல் இடுக்கைத் துப்புரவு செய்யும் மெழுகு பூசாத நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையே செலுத்தி, அறுப்பதுபோல் மெல்ல இழுத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்துகொண்டு, பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவைப்பதே அறிவு.

சுவரில் மாட்டவேண்டுமானால் பிரதியை மாட்டி, மூலத்தை உள்ளே வையுங்கள். மாலை, பொட்டு, சீரியல் விளக்கு எல்லாம் பிரதிக்கே ஆகட்டும்.

பிரேமின் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிரிக்க முயலவேண்டாம். கண்ணாடிக்கு மேலாகவே ஸ்கேன் செய்யுங்கள், அல்லது எதிரொளி விழாமல் சாய்வான வெளிச்சத்தில் காமிராவால் படமெடுங்கள். பிறகு கண்ணாடியோடு சேர்த்தே பாதுகாக்கலாம். ஒட்டிய படத்தை வெந்நீர் காட்டிப் பிரித்தவர்களின் கையில் பெரும்பாலும் முகம் கண்ணாடியோடு போயிருக்கிறது.

வெள்ளத்தில் நனைந்த படங்களைக் காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும், இரண்டு நாட்களுக்குள் கைவைத்தால். 2015 டிசம்பரில் சென்னையில் வீட்டுக்குள் நீர் புகுந்தபோது, கட்டிலையும் மெத்தையையும் காயவைத்த பிறகுதான் பலருக்கு ஆல்பத்தின் நினைவு வந்தது. அதற்குள் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து கட்டியாகியிருந்தன. நனைந்த படத்துக்கு நீரைவிட அரைகுறையாகக் காய்வதே கேடு. நனைந்த கட்டைச் சுத்தமான குளிர்ந்த நீருள்ள தட்டில் இட்டு ஊறவிட்டு, தானாக விலகும்போது ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓரத்தை மட்டும் பிடித்து வேறு நீரில் அலசி, முகம் மேலாக இருக்கும்படி பஞ்சுத் துணியின் மீது நிழலில் உலர்த்தவேண்டும். படத்தின் முகத்தைத் தொடவோ துடைக்கவோ கூடாது. ஊறிய ஜெலட்டின் விரலோடு வந்துவிடும். வெயிலும் தலைமுடி உலர்த்தும் கருவியும் வேண்டாம். எல்லாவற்றையும் உடனே செய்ய முடியாவிட்டால், இடையிடையே மெழுகுத்தாள் வைத்துப் பையிலிட்டு ஃபிரீசரில் வைத்துவிடலாம். சில வாரங்கள் அவகாசம் கிடைக்கும். 2011 சுனாமிக்குப் பின் ஜப்பானில் சேற்றிலிருந்து எடுத்த இலட்சக்கணக்கான படங்களைத் தன்னார்வலர்கள் கழுவிக் காயவைத்து, உரியவர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்ள அடுக்கி வைத்தார்கள். வீட்டையே இழந்தவர்கள் அந்த வரிசைகளில் நின்று தேடியது படங்களைத்தான்.

ஸ்கேன் செய்துவிட்டால் மூலப்படத்தைத் தூக்கிப் போடலாமா?

கூடாது. நூறாண்டுக்கு முந்திய கருப்பு வெள்ளைப் படம் எந்தக் கருவியுமின்றி இன்றும் தெரிகிறது. இருபதாண்டுக்கு முன் குறுந்தகட்டில் பதித்த கல்யாணப் படங்களைத் திறக்க இன்று வீட்டில் கருவி இல்லை. இரண்டும் வேண்டும்.

நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் 86 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கும். சுருக்காத டிஃப் கோப்பாக வைத்தால் ஏறத்தாழ 26 எம்பி. பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 வையுங்கள். கருப்பு வெள்ளையையும் கலராகவே ஸ்கேன் செய்யவேண்டும். கறைக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் தெரியும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் என்பது நல்ல ஏற்பாடு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள்.

நெகடிவ்கள் இருக்கின்றன. அவை வேண்டுமா?

படத்தைவிட அவையே மூலம். வைத்திருங்கள். புளிக்காடி வாடை அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அவற்றைத் தனியே பிரித்து முதலில் ஸ்கேன் செய்யவேண்டும்.

கைபேசிச் செயலிகள் பழைய படத்துக்கு வண்ணம் தீட்டி, மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருகின்றனவே?

பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு மகிழவேண்டும். மங்கிய முகத்தில் இல்லாத விவரத்தைச் செயலி கண்டெடுப்பதில்லை, தான் கண்ட பல்லாயிரம் முகங்களிலிருந்து ஊகித்து வரைகிறது. அம்மைத் தழும்பைக் கறை என்று நினைத்து வழித்துவிடும். தொங்கும் காதைச் சீராக்கிவிடும். அரக்குப் புடவையை நீலமாக்கிவிடும். தாத்தாவின் மாநிறத்தை வெளுப்பாக்கித் தந்த ஒரு படத்தை, அவருடைய மகளே ‘இது யார் வீட்டு ஐயா?’ என்று கேட்டதை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஸ்டூடியோக் காலத்திலும் கையால் வண்ணம் தீட்டினார்கள் என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த ஓவியர் பெரும்பாலும் ஆளைப் பார்த்தோ வீட்டாரைக் கேட்டோ தீட்டினார். மாற்றிய படத்துக்குக் கோப்பின் பெயரிலேயே ‘மாற்றியது’ என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு எது தாத்தா, எது ஊகம் என்று தெரியாது.

அண்ணன் தம்பிகளுக்குள் யார் வைத்துக்கொள்வது? ஸ்டூடியோவுக்கு உரிமை உண்டா?

உரிமை பற்றிச் சுருக்கமாக: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே.

பங்கு பற்றி: நகையைப் போல் படத்தைப் பிரிக்கக்கூடாது. ஒரே ஆல்பத்தின் படங்கள் நான்கு வீடுகளுக்குப் போனால் அவை நான்கு உதிரிக் கட்டுகளாகிவிடும்; எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம் இருந்தது என்பதும் ஒரு செய்தியே. பிரதிகள் எல்லாருக்கும், மூலம் அக்கறையுள்ள ஒருவருக்கு என்று முடிவு செய்வது நல்லது. அந்த ஒருவர் மூத்த மகனாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் பார்த்தவரை, கட்டிக்கொடுத்த பெண்களே பிறந்த வீட்டுப் படங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது கைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. இவையும் நிலைக்குமா?

அவ்வளவையும் யாரும் பார்க்கப்போவதில்லை என்பதே சிக்கல். ஆண்டு முடிவில் குடும்பமாக உட்கார்ந்து முப்பது படங்களைத் தேர்ந்து, பெயரும் தேதியும் எழுதி அச்சிட்டு வையுங்கள். தேர்வு செய்யும்போது, எல்லாரும் காமிராவைப் பார்த்துச் சிரிக்கும் படங்களைக் குறைத்து, சமையலறையும் தெருவும் வேலை செய்யும் இடமும் தெரியும் படங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் பழைய படம் எதுவுமே இல்லை. என்ன செய்வது?

இது பலருடைய நிலை. கூலி வேலை செய்த குடும்பங்களில் படம் எடுக்கப்படவே இல்லை. குடிசை எரிந்தும் வெள்ளத்திலும் போனவை உண்டு. ஈழத்தில் போரின்போது மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தவர்களில் பலர் எல்லாவற்றையும் விட்டு ஓடவேண்டியிருந்தது. அவர்களில் சிலருக்கு, முன்பு கடிதத்தோடு கனடாவுக்கும் இலண்டனுக்கும் உறவினருக்கு அனுப்பிய படங்களே பிற்பாடு பிரதியாகத் திரும்பி வந்தன. ஆகவே முதலில் வெளியூருக்குப் போன உறவினரைக் கேளுங்கள்.

பிறகு அரசுத் தாள்கள். புகைப்பட வாக்காளர் அட்டை 1993 முதல் வழங்கப்படுகிறது. படமே எடுத்துக்கொள்ளாத பல பாட்டிகளின் ஒரே முகம் அந்தச் சிறிய மங்கலான கட்டத்துக்குள்தான் இருக்கிறது. முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தின் நகல், வங்கிப் புத்தகம், பழைய கடவுச்சீட்டு ஆகியவற்றையும் தேடுங்கள். பள்ளியின் குரூப் போட்டோ, ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டுவிழாப் படம், ஊர்த் திருவிழாப் படம் ஆகியவற்றில் பின்வரிசையைப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மற்றவர்களின் கல்யாண ஆல்பங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். என் அப்பாவைப் பெற்ற அப்பத்தாவுக்குப் படமே இல்லை என்றுதான் நாற்பது ஆண்டுகள் நம்பியிருந்தோம். பக்கத்து ஊரில், உறவுகூட இல்லாத ஒரு வீட்டின் 1974ஆம் ஆண்டுக் கல்யாண ஆல்பத்தில், மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால், சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக நிற்கிறார். முகத்தின் இடப்பாதியை வாழைமர இலை மறைத்திருக்கிறது. படத்தை அப்பாவின் கையில் கொடுத்தோம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகு அருகில் வைத்துப் பார்த்தார். ‘அந்தச் செம்பு நம்ம வீட்டுச் செம்பு’ என்றார்.